38 கடை, ஒரே விளம்பரப் பணம்: ஏஐ கையில் எதைக் கொடுக்கலாம்?

கேள்வி இது: "கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், மதுரை என்று 38 இடங்களில் எங்கள் டீக்கடையின் ஃப்ரான்சைஸ் இருக்கிறது. ஒவ்வொரு கடையிடமும் மாத விற்பனையில் 2 சதவீதம் விளம்பரத்துக்கென்று வாங்குகிறோம். ஏஐ வைத்து எல்லாக் கடைக்கும் கூகுள், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தானாக ஓட வைக்க முடியுமா? ஏஜென்சியை விட்டுவிடலாமா?"

ஓட வைக்க முடியும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒரு விஷயத்தில்தான் சிக்கலே இருக்கிறது. எல்லாக் கடையும் 2 சதவீதம் கொடுக்கிறது. அது விளம்பரத்தை ஓட்டும் மெஷினுக்குத் தெரியாது. உங்கள் 38 கடையும் அதன் கண்ணுக்கு ஒரே கடை. எங்கே குறைந்த செலவில் ஆள் கிடைக்கிறார்களோ அங்கேயே பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டும். அதன் வேலை அது. ஆனால் பணம் 38 பேருடையது. நகையை அடகு வைத்து, பிஎஃப் பணத்தை எடுத்துக் கடை போட்டவர்கள் அந்த 38 பேரில் இருப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பேக்கரி செயினுக்கு இந்த வேலையைச் செய்தோம். எல்லாக் கிளையையும் ஒரே கேம்பெயினில், அதாவது ஒரே விளம்பரத் திட்டத்தில் போட்டு, பட்ஜெட்டை மொத்தமாகக் கொடுத்துவிட்டோம். ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது, ஒரு கிளிக்கின் செலவு வாரா வாரம் இறங்கியது. மூன்றாவது வாரம் கோபிச்செட்டிபாளையத்தில் கடை எடுத்திருந்தவர் கூப்பிட்டார். "சார், என் கடைப் பேரு எங்கயாச்சும் வருதுங்களா? நானும்தானே மாசாமாசம் கட்டறேன்?" உள்ளே போய்க் கிளை வாரியாகப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பணம் கோவையில் மூன்று கடைக்குப் போயிருந்தது. அவர் கடைக்கு அந்த மாதம் செலவானது ஒரு கிலோ மிக்சர் விலைகூட இல்லை. அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. செயின் விளம்பரத்தில் நான் கற்ற முதல் பாடம் அந்தப் போன்தான்.

அதனால் எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கடைக்குச் சராசரியாக மாதம் மூன்றரை லட்சம் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் என்றால் 7,000 ரூபாய். 38 கடைக்கு 2,66,000. இது ஜிஎஸ்டி உட்பட வாங்கும் தொகை என்றால், 18 சதவீதம் போக விளம்பரத்துக்கு நிற்பது ஏறக்குறைய 2,25,000. நாளைக்கு 7,500 ரூபாய். கடைக்குக் கடை பிரித்தால் ஒரு கடைக்கு நாளைக்கு 197 ரூபாய். (ஜிஎஸ்டி பற்றி இன்னொன்று. டீக்கடை, ஓட்டல் எல்லாம் பெரும்பாலும் 5 சதவீத வரியில் இருக்கின்றன, அதில் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் பில்லில் போடும் 18 சதவீதம் கடைக்காரருக்கு முழுச் செலவு. ஒப்பந்தத்தில் 2 சதவீதம் "வரி உட்பட"வா, "வரி தனி"யா என்று இப்போதே ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவாக எழுதி வையுங்கள்.)

அந்த 197 ரூபாயை வைத்துக் கடைக்கொரு கேம்பெயின் போட்டால் என்ன ஆகும்? இந்த மெஷின்கள் கற்றுக்கொள்ள எண்ணிக்கை வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைக்கு வர வாரத்துக்குச் சுமார் 50 பலன் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். பலன் என்றால் நீங்கள் குறித்துக் கொடுத்த செயல்: வாட்ஸ்அப் மெசேஜ், போன், வழி கேட்பது. உங்கள் கடைக்கு வாரச் செலவு 1,380 ரூபாய். அதில் 50 பலன் வேண்டுமென்றால் ஒன்று 28 ரூபாய்க்குள் கிடைக்க வேண்டும். அது வாரா வாரம் 38 கடைக்கும் நடக்காது. நடக்காதபோது மெஷின் கற்றுக்கொள்ளும் நிலையிலேயே நின்றுவிடும், நீங்கள் கொடுப்பது ஏஐ விளம்பரத்துக்கான காசு, கிடைப்பது குருட்டாம்போக்கு.

இரண்டு பக்கமும் இடிக்கிறது. மொத்தமாகப் போட்டால் சின்ன ஊர்க் கடை பட்டினி, தனித்தனியாகப் போட்டால் எல்லாக் கடையும் அரைப்பட்டினி. நான் கண்ட வழி நடுவில் இருக்கிறது. கடைகளை ஆறு குழுவாகப் பிரியுங்கள், ஊர் வாரியாக வேண்டாம், வியாபாரத்தின் தன்மையைப் பார்த்துப் பிரியுங்கள். பஸ் ஸ்டாண்ட் கடைகள் ஒரு குழு. காலேஜ் பக்கத்துக் கடைகள் ஒன்று. பனியன் கம்பெனி, மில் பக்கம் ஷிஃப்ட் ஆட்களை நம்பி ஓடும் கடைகள் ஒன்று. பைபாஸ் கடைகள் ஒன்று. குடியிருப்புப் பகுதி ஒன்று. பெரிய ஆபீஸ்கள் பக்கம் ஒன்று. குழுவுக்குச் சராசரியாக நாளைக்கு 1,250 ரூபாய் வரும், வாரத்துக்கு 8,750. ஒரு பலனுக்கு 175 ரூபாய் ஆனாலும் 50 வந்துவிடும். திருப்பூரில் ராத்திரி ஷிஃப்ட் முடிகிற நேரத்தை மெஷின் கற்றுக்கொண்டால் அது ஈரோட்டு மில் பக்கத்துக் கடைக்கும் உதவும். கோவை ஆர்.எஸ்.புரத்துக் குடும்பங்களிடம் கற்றது அந்தக் கடைக்கு உதவாது.

குழுவுக்குள்ளும் ஏதாவது ஒரு கடை பணத்தை இழுக்கும். அதற்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று வையுங்கள். எந்தக் கடைக்கும் அது கட்டிய பணத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் அந்தக் கடையைச் சுற்றியே செலவாக வேண்டும், மீதி 40 சதவீதம் மெஷினின் இஷ்டம். இந்த 60 நான் வைத்துக்கொள்ளும் அளவு, உங்கள் கடைக்காரர்களைக் கூட்டிப் பேசி நீங்கள் வேறு அளவு வைக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் ஃப்ரான்சைஸ் விற்கும் கம்பெனி விளம்பர நிதியை எப்படிச் செலவழிக்கிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று மத்திய வர்த்தக ஆணையத்தின் விதியே இருக்கிறது. சப்வே போன்ற செயின்கள் விற்பனையில் 4.5 சதவீதம் வரை அந்த நிதிக்கு வாங்கிப் பழகியவை. நம் நாட்டில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை, பெரும்பாலும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் நடக்கிறது. நீங்கள் எழுதித் தருவதுதான் கடைக்காரருக்கு உள்ள பெரிய பாதுகாப்பு.

இனி கூகுள் மேப். பாதி ஏஐ விளம்பரம் வீணாகப் போவது இங்கேதான் என்று அடித்துச் சொல்வேன்.

கூகுளின் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற தானியங்கி விளம்பர வகை 2021 நவம்பரில் எல்லோருக்கும் திறந்தது, அடுத்த வருடம் பழைய லோக்கல் கேம்பெயின்களையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். தேடல், மேப், யூடியூப், ஜிமெயில் எல்லாவற்றிலும் அதுவே இடம் பிடித்து விளம்பரம் போடும். கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை அது உங்கள் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலிலிருந்து, அதாவது மேப்பில் கடைக்கென்று உள்ள பக்கத்திலிருந்து எடுக்கிறது. அங்கே தப்பு இருந்தால் அந்தத் தப்பைத்தான் காசு கொடுத்து ஊர் முழுக்கப் பரப்புவீர்கள்.

சேலத்தில் ஒரு கிளை பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாறியது. ஹெட் ஆபீசில் வாடகை ஒப்பந்தம் மாறியது, போர்டு மாறியது, ஜிஎஸ்டி முகவரிகூட மாறியது. மேப்பில் கடையைக் காட்டும் பின் மாறவில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் எந்நேரமும் கூட்டம் இருக்கிற இடம், நிறையப் பேர் "வழி" என்ற பட்டனை அழுத்தினார்கள். நாங்கள் அந்தப் பட்டனைத்தான் பலன் என்று குறித்துக் கொடுத்திருந்தோம். மெஷின் என்ன செய்யும்? "இந்தக் கடை நன்றாகப் போகிறது" என்று இன்னும் பணத்தை அங்கே தள்ளியது. 19 நாள் மூடிக் கிடந்த ஷட்டருக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். குழுவிலேயே அதுதான் நல்ல கடை என்று ரிப்போர்ட் சொன்னது. மெஷின் தப்புச் செய்யவில்லை. நாம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. மூன்று கிலோமீட்டர் ஆட்டோ பிடித்து வந்து ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர்களை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே முதல் இரண்டு வாரம் விளம்பரமே வேண்டாம். 38 கடைக்கும் ஒரே ஷீட் தயார் செய்யுங்கள். கடைக்கொரு ஸ்டோர் கோடு, மேப் பின், கடையில் நிஜமாகவே எடுக்கிற போன் நம்பர், திறக்கும் நேரம், மூடும் நேரம், வார விடுமுறை, அடையாளம். பத்துக் கடைக்கு மேல் இருப்பதால் மொத்தமாகச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம், ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதில்லை. கடைக்காரரையே வாசலில் நின்று பின்னை அனுப்பச் சொல்லுங்கள். இதில் ஏஐ-க்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. தினமும் ராத்திரி ஷீட்டையும் மேப்பில் இருப்பதையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் சொல்லச் சொல்லுங்கள். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் மேப்பில் "திருத்தம்" போடலாம் என்பதால் நேரமும் நம்பரும் தானாக மாறிப்போவது அடிக்கடி நடக்கும்.

ஷீட்டில் அடையாளம் என்ற அந்தப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். கதவு எண்ணைப் படித்து எவரும் டீக்கடைக்கு வருவதில்லை. "மாட்டுத்தாவணி எதிரில்", "ஜிஹெச் பக்கத்தில்", "பழைய தியேட்டர் ஸ்டாப்" என்றால்தான் வருவார்கள்.

இந்த இடத்தில் தமிழில் விளம்பரம் செய்கிறவர்களுக்கு உள்ள ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். தானியங்கி விளம்பரத்தில் ஒரு வாசகம் எழுதி, ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டால் ஒவ்வொரு கடைக்கும் மெஷின் நிரப்பிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது பிசகாது. தமிழில் பெயரோடு வேற்றுமை ஒட்டும். மதுரை "மதுரையில்" ஆகும், ஈரோடு "ஈரோட்டில்" ஆகும், சேலம் "சேலத்தில்", திண்டுக்கல் "திண்டுக்கல்லில்". மெஷின் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே வாலை ஒட்டி "ஈரோடுஇல்", "சேலம்இல்" என்று போடும். ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவர் அப்படி வந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இதைப் பாத்துட்டு என் பையன் சிரிக்கிறானுங்க" என்றார். தீர்வு எளிது. ஷீட்டில் ஊர்ப் பெயருக்கு இன்னொரு பத்தி போட்டு "ஈரோட்டில்" என்று ஆளே எழுதி வையுங்கள், 38 தானே. அல்லது பெயர் தனியாக நிற்கும்படி வாசகத்தை எழுதுங்கள்: "காலை 5 மணிக்கே சூடா டீ. ஈரோடு, பஸ் ஸ்டாண்ட் எதிரில்." இது எந்த ஊருக்கும் உடையாது.

வாசகத்தையும் முழுக்க ஏஐ-யிடம் விடாதீர்கள். "எங்களின் சுவைமிகு தேநீரை அனுபவித்து மகிழுங்கள்" என்று எழுதும். டீ குடிக்கிற எவரும் அப்படிப் பேசுவதில்லை. "கொங்குத் தமிழில் எழுது" என்று கேட்டால் வரிக்கு நான்கு "ங்க" போட்டு வேஷம் கட்டும், அது இன்னும் மோசம். உங்கள் ஆட்களில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வரி எழுதட்டும். கூகுள் தேடல் விளம்பரத்தில் 15 தலைப்பும் 4 விவரமும் கொடுக்கலாம், எதை எதோடு சேர்த்தால் எடுபடுகிறது என்று மெஷின் பார்த்துக்கொள்ளும். சேர்த்துப் பார்ப்பதில் அது கெட்டி, அந்த வேலையை அதற்குக் கொடுங்கள். படத்தில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் படம் மட்டும் ஏஐ-யிடம் வாங்கி, எழுத்தை டிசைனர் போட்ட டெம்ப்ளேட்டில் வையுங்கள். படம் வரையும் மெஷின்கள் தமிழ் எழுதும்போது புள்ளியும் கொம்பும் இடம் மாறுவதை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னொன்று, உங்கள் டீயை நிஜமாகவே படம் எடுங்கள். ஏஐ வரைந்த டீயில் ஆவி அழகாகப் பறக்கும், ஆனால் உங்கள் கிளாஸ் அதில் இருக்காது.

தேடும் சொற்களைத் தமிழில் மட்டும் யோசிக்காதீர்கள். "டீ ஷாப் நியர் மீ" என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களே ஏராளம். அவர்களுக்குத் தமிழ் விளம்பரம் தெரிய வேண்டுமென்றால், மொழி அமைப்பு இருக்கிற கேம்பெயினில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இட அமைப்பில் "அந்த இடத்தில் இருப்பவர்கள்" என்பதை மட்டும் வையுங்கள். கூகுள் தானாக வைத்திருப்பது "இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்". ஊட்டி லாட்ஜுக்கு அது சரி. டீக்கடைக்கு, பெங்களூரில் உட்கார்ந்து கோவையைப் பற்றித் தேடுகிறவருக்குக் காட்டிக் காசை விடுவது.

விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹெட் ஆபீஸ் "12 ரூபாய்க்கு டீ" என்று விளம்பரம் விடும், பஸ் ஸ்டாண்ட் கடையில் வாடகை அதிகம் என்று 15 வாங்குவார்கள். கையால் ஓட்டும்போது இது ஒரு ஊர்ச் சண்டை. மெஷின் ஓட்டும்போது ஒரே நாளில் 38 ஊருக்கும் போய்விடும். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுக்கும் தூண்டில் விளம்பரத்தைப் பற்றித் தனியாகவே பேசுகின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஷீட்டில் விலைக்கும் ஒரு பத்தி வைத்து, அது நிரம்பாத கடைக்கு விலை விளம்பரமே போகாதபடி செய்யுங்கள்.

கேட்பீர்கள் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன்: 2021 தீபாவளிக்கு கேட்பரி, ஷாருக் கானை வைத்துச் செய்தது. ரீஃப்ரேஸ் ஏஐ என்ற நம் நாட்டுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தால் அவர் வாயாலேயே பக்கத்துத் தெருக் கடைகளின் பெயரைச் சொல்ல வைத்தார்கள். அது எனக்கும் மிகவும் பிடித்த வேலை. அதில் உங்களுக்குப் பாடம், பார்க்கிறவருக்குத் தெரிந்த கடையின் பெயர் விளம்பரத்தில் வந்தது. அவர் முகத்துக்கு அவரிடம் அனுமதி இருந்தது. நம் ஊரில் கடைக்காரர் யாராவது ஆர்வத்தில் ஏஐ வைத்து ஒரு ஹீரோவை டீ குடிக்க வைத்து ரீல்ஸ் போட்டால் வக்கீல் நோட்டீஸ் ஹெட் ஆபீசுக்கு வரும். ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ஒரு இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-லேயே தடை கொடுத்திருக்கிறது. ஹீரோவுக்குப் பதில் கடைக்காரரையே நிற்க வையுங்கள். அந்தத் தெருவில் அவருக்கு உள்ள முகராசி எந்த மெஷினாலும் செய்ய முடியாதது.

கடைக்காரர்கள் தனித்தனியாக கூகுள் கணக்குத் திறந்து விளம்பரம் போட ஆரம்பித்தால் உடனே பேசி நிறுத்துங்கள். விளம்பர இடத்தை கூகுள் ஏலத்தில்தான் கொடுக்கிறது, ஒரே கணக்குக்குள் இருக்கும் விளம்பரங்கள் அந்த ஏலத்தில் ஒன்றோடொன்று மோதாது. ஆர்.எஸ்.புரத்துக்காரர் ஒரு கணக்கு, சாய்பாபா காலனிக்காரர் ஒரு கணக்கு என்றால் ஒரே பெயருக்கு இருவரும் ஏலம் ஏற்றி, கூடுதல் காசு கூகுளுக்குப் போகும். எல்லைகளை மேப்பில் வரைந்து ஒப்பந்தத்தோடு சேருங்கள். வட்டமாக வரையாதீர்கள். ரயில் தண்டவாளமும் நடுவில் திருப்பமில்லாத நான்கு வழிச் சாலையும் வட்டத்துக்குத் தெரியாது, பைபாஸ் கடைக்கு எதிர்ப்பக்கம் போகும் கார் கிடைக்கவே கிடைக்காது.

பலன் வந்ததா என்று எப்படித் தெரியும்? மெஷின் தரும் ரிப்போர்ட்டை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் கடைப் பெயரைப் போட்டே தேடுகிறவர் எப்படியும் வரப் போகிறவர். அவர் கண்ணில் விளம்பரத்தைக் காட்டிவிட்டு "நான் கொண்டுவந்தேன்" என்று கணக்கு எழுதிக்கொள்ளும். பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸில் உங்கள் பெயரை விலக்கி வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். "ஸ்டோர் விசிட்", அதாவது விளம்பரம் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் என்று வருவது ஒரு மதிப்பீடுதான், சின்னக் கணக்குகளுக்கு அது வருவதும் இல்லை. நான் நம்புவது கல்லாவை. ஒரே தன்மையுள்ள கடைகளில் பாதிக்கு நான்கு வாரம் விளம்பரத்தை நிறுத்துங்கள், பாதிக்கு ஓட விடுங்கள், இரண்டு பக்கத்து பில் எண்ணிக்கையையும் முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள். பரீட்சை லீவு, சித்திரைத் திருவிழா, பெருமழை நாட்களில் இதைச் செய்யாதீர்கள். நிறுத்திய கடைகளிலும் வியாபாரம் இறங்கவில்லை என்றால் அந்த வகை விளம்பரத்தை விட்டுவிட வேண்டியதுதான். டீக்கு அது நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தெருவில் நடப்பவர் வாசனையைப் பிடித்துத்தான் வருகிறார். கல்யாணம், ஆபீஸ் மீட்டிங், கோயில் விசேஷத்துக்கு கேனில் டீ கேட்கும் பல்க் ஆர்டரில்தான் இந்தப் பணம் வேலை செய்யும். அதற்கு வாட்ஸ்அப்பில் திறக்கும் விளம்பரம் போடுங்கள். பின்கோடு, நாள், எத்தனை பேர் என்ற மூன்றை மட்டும் மெஷின் கேட்டு, பக்கத்துக் கடைக்காரருக்கு அனுப்பட்டும். விலை பேசுவது அவர்.

ஏஐ-க்கு இன்னொரு வேலை கொடுங்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. திங்கள் காலை ஒவ்வொரு கடைக்காரருக்கும் தமிழில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்: "போன வாரம் உங்க கடைக்காகச் செலவு 1,310 ரூபாய். 41 பேர் வழி பார்த்தாங்க, 6 பேர் போன் பண்ணாங்க, 2 பல்க் ஆர்டர். சனிக்கிழமை 3 போன் எடுக்கலை." அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு போனை எடுக்காத கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

ஏஜென்சியைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லா விளம்பரக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கும் மேனேஜர் அக்கவுண்ட், மேப் ப்ரொஃபைல்கள், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் உங்கள் கம்பெனி மெயிலில் இருக்க வேண்டும், ஏஜென்சிக்கு உள்ளே வர அனுமதி மட்டும். இல்லையென்றால் அவர்கள் போகும்போது மெஷின் இத்தனை மாதம் கற்றதும் அவர்களோடு போய்விடும். அதை மாற்றி வாங்கிய பிறகு, படம் போடுவது, பட்ஜெட் ஏற்றி இறக்குவது, ரிப்போர்ட் எடுப்பது ஆகியவற்றுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஹெட் ஆபீசில் ஒரு ஆளை வையுங்கள். 38 கடைக்காரர்களின் பெயரும் குரலும் தெரிந்த, கோபியிலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசுகிற ஆளாக இருக்கட்டும். ஷீட் அவர் கையில் இருக்கட்டும்.